இரண்டரைச் சென்ரிமீற்றர்

திங்கட்கிழமைகளில் எங்கள் றெஸ்ரோறன்ற் பூட்டு. மற்ற ஆறு நாட்களும் குசினியில் கோப்பை கழுவியும் வெங்காயம் உரித்தும் போய்விடுகின்றன. எங்கள் மூவருக்கும் மிஞ்சுகிற அந்த ஒரு நாளில் நாங்கள் செய்கிற காரியத்தை ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். கைவிடப்பட்ட சல்லிக்குழி ஒன்றுக்குக் காசு கட்டி உள்ளே போய், காரைச் சேற்றில் இறக்கி, புதைத்து, இழுத்து எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். ஜேர்மனியில் நினைத்தபடி காட்டுக்குள் கார் ஓட்ட முடியாது, சட்டம் விடாது. அதனால் சேற்றுக்கும் இங்கே வேலி போட்டு ரிக்கற் விற்கிறார்கள்.

கார், 1973ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் 1200. ஜேர்மன்காரர் வண்டு என்று அழைக்கிற அதே கார். மூவரும் பங்கு போட்டு வாங்கினோம். குழியில் இறங்கினால் முதலில் வயிறுதான் தட்டும். உயர்த்திவிடுவது என்று ஒரு இரவு, அடுப்படியைக் கழுவிக்கொண்டிருக்கையில், தீர்மானித்தோம்.

இந்தக் காரில் சுருள் ஸ்பிறிங் கிடையாது. பின்பக்கம் குறுக்காக ஒரு குழாய். அதற்குள் இடதுக்கொன்று வலதுக்கொன்றாக இரண்டு உருக்குக் கம்பிகள். சக்கரம் மேலே எழும்பும்போது கம்பி முறுகுகிறது. முறுக்கு விடுபடும்போது சக்கரம் கீழே வருகிறது. பேர்டினன்ட் போர்ஷ 1931இல் உரிமம் பெற்ற முறை இது. கம்பியின் உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44 பற்கள். வெளிமுனையில் கொளுவியிருக்கும் தகட்டுக் கைதான் சக்கரத்தைத் தாங்குகிறது. கையின் சரிவைக் கூட்டினால் கார் உயரும், குறைத்தால் பதியும்.

இரண்டு முனையிலும் ஒரே எண்ணிக்கையில் பற்களை வைத்திருக்கலாமே, ஏன் நாற்பதும் நாற்பத்திநான்கும்? எங்களில் ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்து இரண்டாம் வருடத்தோடு விட்டவர். பேப்பர் நப்கின் ஒன்றில் கணக்குப் போட்டவர் சிரிக்கத் தொடங்கினார். உள்ளே ஒரு பல் நகர்த்தினால் 9 பாகை. வெளியே ஒரு பல் எதிர்ப்பக்கம் நகர்த்தினால் 8 பாகையும் கொஞ்சமும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு பாகைக்கும் குறைவு. சக்கரத்தில் அது சுமார் ஆறு மில்லிமீற்றர். "இது வேணியர் மச்சான், ஏ.எல்.இல் படிச்ச அதே வேணியர்" என்றார். படித்தது எங்கேயோ ஒரு காரின் அடியில் கிடந்திருக்கிறது.

கணக்கு விளங்கியும் பொறுமை வரவில்லை. ஆறு ஆறு மில்லிமீற்றராக யார் ஏறுவது? உள்முனையை மட்டும் ஒரு பல் திருப்பினோம். ஒரேயடியாக ஆறு சென்ரிமீற்றர் உயர்ந்தது. நிறுத்திவைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அன்று மாலையே, எவரிடமும் காட்டாமல், கிராமத்து வீதியில் ஓட்டிப் பார்த்தோம். அது எங்கள் பிழை. பின்பக்கம் மட்டும் உயர்ந்ததால் முன்சக்கரங்களின் சாய்வு மாறி, ஸ்ரியறிங் நேரே நிற்க மறுத்தது. அதைவிட மோசமானது பின்சக்கரம். இந்த மொடலின் பின் அச்சு கியர்ப்பெட்டியின் பக்கத்தில் மட்டுந்தான் மடியும். உடல் உயர உயரச் சக்கரங்களின் அடி உள்ளே வரும். வளைவில் வெளிச்சக்கரம் இன்னும் உள்ளே மடிந்து காரைத் தூக்கும். 1965இல் றால்ஃப் நேடர் அமெரிக்கக் கோர்வெயர் காரைப் பற்றி எழுதியதும் இந்த வகை அச்சைத்தான். எங்கள் வளைவில் பின்பக்கம் ஒருமுறை துள்ளியது. எதிரே வாகனம் இல்லை. அவ்வளவுதான் எங்கள் கெட்டித்தனம். மூவரும் வாய் திறக்காமல் நடைவேகத்தில் திரும்பி வந்தோம்.

பக்கத்துத் தெருவில் முன்னாள் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எழுபது தாண்டியவர். சொன்னதைக் கேட்டுத் திட்டினார். பிறகு தன் கோணமானியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பழைய பல்லில் திருப்பிப் போடச் செய்து கையின் சரிவை அளந்தார். கம்பனி வைத்த அளவு 17 பாகை 30 கலை. எங்கள் காரில் அதிலும் ஒன்றரைப் பாகை குறைவு. ஐம்பது வருடப் பாரத்தில் கம்பி களைத்திருந்தது.

"முதலில் இழந்ததை மீட்டுக்கொள்ளுங்கள். பிறகு கொஞ்சம் கேளுங்கள்" என்றார்.

அதன்படி உள்ளே நான்கு பல், வெளியே எதிர்ப்பக்கம் நான்கு பல். கையைச் சங்கிலியால் கட்டித்தான் தாங்கியிலிருந்து நெம்பினோம். அது தெறித்தால் விரல் மிஞ்சாது. மொத்தம் இரண்டரைச் சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதில் பாதி பழைய உயரம், பாதிதான் புதிது. 155 ரயருக்குப் பதில் 165 போட்டதில் இன்னொரு எட்டு மில்லிமீற்றர். முன் அச்சின் கீழ் ஆப்புத்தகடு வைத்துச் சாய்வைச் சரிசெய்தோம். விளக்கின் ஒளியைப் பதித்தோம். ரூவ் பரிசோதகர் அளந்து பார்த்து, பத்திரத்தில் ஏற ஒப்பமிட்டார். இங்கே ஆபத்தான மாற்றம் செய்தால் காரின் ஓட்ட அனுமதியே செத்துவிடும். அந்த ஒப்பம் வரும்வரை எங்களுக்கு நித்திரை இல்லை.

எங்களில் இளையவனின் பெரியப்பா 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு வன்னியில் மொறிஸ் மைனர் ஓடினவர். அந்தக் காருக்கும் முன்னால் முறுக்குக் கம்பிதான். பின்னால் அடுக்கிய ஸ்பிறிங் பட்டைகள். மாரியில் கிரவல் வீதிகள் உழுத வயல்போல ஆகிவிடும். அவர் கழிவு வாகனங்களிலிருந்து பட்டை எடுத்துச் சேர்த்துப் பின்பக்கத்தை உயர்த்தியிருந்தார். ஆனால் மைனரின் டிப்பிறென்சல் சக்கர அச்சோடு சேர்ந்தது. பட்டை எத்தனை சேர்த்தாலும் உடல்தான் உயரும், டிப்பிறென்சல் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரு இரவு பிரசவகாரி ஒருத்தியை விசுவமடுப் பக்கத்தால் ஏற்றிச் செல்கையில், சக்கரத்தடங்களுக்கு நடுவிலிருந்த மேட்டில் அது குந்திவிட்டது. பாரம் குறைக்க எல்லோரும் இறங்கினார்கள். அவளும் இறங்கினாள். வயிற்றைப் பிடித்தபடி முழங்கால் சேற்றில் நடந்து, மேட்டுக்கு அப்பால் போய் மறுபடி ஏறினாள். முன்சீற்றில் இருந்த சிறுவன்தான் இப்போது எங்களோடு கோப்பை கழுவுகிறவன்.

ரூவ் முடிந்த அன்று அவன் பெரியப்பாவுக்குப் போன் எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டு மூவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். பற்கணக்கை அவர் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். கியர்ப்பெட்டியும் உடலோடு சேர்ந்து உயரும் என்றபோது, "அப்பிடியெண்டால் நல்ல கார்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அங்கை றோட்டெல்லாம் நல்லதுதானே தம்பி? ஆரை ஏத்திக்கொண்டு போக உயர்த்தினனீங்கள்?"

மூவரிடமும் பதில் இருக்கவில்லை. சல்லிக்குழி ரிக்கற் விலையை மட்டும் அவருக்குச் சொல்லவில்லை.