கணக்கில் சேராத வருஷம்

ஒரு மனிதனுடைய வயதைக் கணக்கிடப் பஞ்சாங்கம் போதும். அமெரிக்கக் கலாசாலை ஆட்டக்காரனுக்கு எத்தனை வருஷம் ஆயிற்று என்று சொல்ல மட்டும் வக்கீல் வேண்டியிருக்கிறது.

அங்கே பெரிய சர்வகலாசாலைகளின் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் சங்கத்துக்கு என்.சி.ஏ.ஏ. என்று பெயர். அதன் முதல் பிரிவில் வெகு காலம் நின்ற விதி இது: கலாசாலையில் சேர்ந்ததிலிருந்து ஐந்து வருஷம்; அதற்குள் நான்கு பருவம் ஆடலாம். ஐந்து வருஷத்தில் சந்தேகம் இல்லை, அது தானே ஓடிவிடும். பருவம் என்பது எது என்பதில்தான் வம்பு. (நம் பாஷையில் பருவம் என்றால் இளமை என்றும் அர்த்தம் உண்டு. இந்த விஷயத்தில் அதுவும் பொருந்துகிறது.)

அமெரிக்கக் கால்பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்தான் கால், வேலையெல்லாம் கைக்கு. காயம் போன்ற விலக்குகள் நீங்கலாக, 2018க்கு முன் ஒரு நிமிஷம் மைதானத்தில் இறங்கினாலும் ஒரு பருவம் தீர்ந்தது. பிறகு, நான்கு ஆட்டம் வரை பாதகமில்லை என்று தளர்த்தினார்கள். இறங்காமல் பயிற்சி மட்டும் செய்கிறவன் ‘சிவப்புச் சட்டை’. பயிற்சியில் எதிர்த்து நிற்கும் பையன்களுக்குக் கொடுத்த சட்டையிலிருந்து வந்த பெயர். விடியற்காலையில் ஓடுகிறான், இடிபட்டு விழுகிறான், உடம்பெல்லாம் ரணம். ஏட்டில் மட்டும் அவன் ஆடவே இல்லை! கல்யாணத்துக்குத் தேங்காய் துருவிய அத்தை பந்தியில் உட்காராத மாதிரி.

2020இல் கொரோனா வந்தது. அந்த வருஷத்தை ஐந்திலும் சேர்க்க வேண்டாம், நான்கிலும் சேர்க்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

டியேகோ பாவியா என்ற ஆட்டக்காரர் அந்த வருஷம்தான் நியூ மெக்சிகோவில் ஓர் இரண்டு வருஷக் கலாசாலையில் சேர்ந்தார். 2021இல் அங்கே ஆடினார், 2022, 2023இல் நியூ மெக்சிகோ ஸ்டேட், 2024இல் வாண்டர்பில்ட். நான்கும் தீர்ந்தன. சின்னக் கலாசாலையில் ஆடியதைக் கணக்கில் பிடிப்பது அநியாயம் என்று வழக்குப் போட்டார். 2021 முதல் மாணவன் தன் பெயரை விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆகிவிட்டதால், ஒரு பருவம் என்பது ரொக்கம். 2024 டிசம்பரில் நீதிபதி அவர் பக்கம் இடைக்காலத் தடை கொடுத்தார். 2025இல் ஆடி, ஹைஸ்மன் பரிசுக்கு இரண்டாவதாக வந்தார்.

எனக்கு அவர்மேல் கோபமில்லை. ஆனால் கதை எழுதுகிறவன் புத்தி, அவருக்குப் பின்னால் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும் பையனிடம் போகிறது. மூத்தவனுக்குக் கிடைத்த வருஷம் அவனுடைய வருஷந்தானே? விதியில் அவனுக்காகவும் ஒரு நியாயம் இருந்தது.

இருந்தாலும் விதி எவ்வளவு கண்மூடித்தனமாக இருக்க முடியும் என்பதற்கு 1965ஆம் வருஷத்தைப் பார்க்க வேண்டும். அப்போது முதல் வருஷ மாணவன் கலாசாலையின் பிரதான அணியில் ஆடக்கூடாது. யு.சி.எல்.ஏ.யின் கூடைப்பந்து அணி 1964, 1965 இரண்டிலும் தேசிய சாம்பியன். நவம்பர் 27ஆம் தேதி அதை எதிர்த்து அதே கலாசாலையின் புதுப் பையன்கள் இறங்கினார்கள். 75க்கு 60 என்று பையன்கள் ஜெயித்தார்கள். அதில் 31 புள்ளி லியூ ஆல்சிண்டர் என்ற நெட்டைப் பையனுடையது. பிற்காலத்துக் கரீம் அப்துல்-ஜபார் அவர்தான். தோற்றவர்கள் பிரதான அணியாகப் பந்தயங்களுக்குக் கிளம்பினார்கள். ஜெயித்தவன் கலரியில் உட்கார்ந்தான். அந்த வருஷம் அவர்கள் சாம்பியன் ஆகவில்லை. அடுத்த மூன்று வருஷமும் ஆல்சிண்டர் வந்து ஆக்கினார். 1972இல் அந்தத் தடை போயிற்று.

அவருடைய கலாசாலைக் கணக்கில் மொத்தம் 2,325 புள்ளிகள் இருக்கின்றன. அந்த 31 அதில் இல்லை.