எழுதுபவன் இங்கே, பதில் சொல்பவன் அங்கே

வெளிநாட்டுக்கு வந்த பின்னரும் கொழும்புப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருப்பதால் உனக்கு என்ன கிடைக்கிறது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கேள்வியில் பாதி கேலி, பாதி அக்கறை. கணக்குச் சொல்லி அவர்களுக்குப் பதிலளிப்பது எளிது. ஆனால் இந்தத் தொழிலில் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது; அதைப்பற்றி எழுதவேண்டும் என்று நீண்ட நாள்களாக எண்ணியிருந்தேன்.

முதலில் கணக்கையே சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ மூன்று தசாப்தங்கள் ஆசிரியபீடத்தில் பணியாற்றிய பின்னர், 2021இல் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்து சேர்ந்தேன். புறப்படுமுன் ஆசிரியரோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டேன். வாரம் ஒரு அரசியல் பத்தி, மாதம் ஒரு நீண்ட கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு ரூபா. நிரந்தர ஊழியனாக இருந்தவரை என் பங்காக நூற்றுக்கு 8, நிறுவனத்தின் பங்காக 12 என ஊழியர் சேமலாப நிதியில் சேர்ந்து வந்தது. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் செலுத்திய 3 வீதம் வேறு. ஒப்பந்தத்தில் எழுதுபவனுக்கு இவை எவையும் இல்லை. எழுதினால் பணம், எழுதாவிட்டால் இல்லை.

அடுத்த ஆண்டே நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் அது 360ஐத் தொட்டது. ரூபாவில் என் ஊதியம் ஒரு சதமும் குறையவில்லை. வெளிநாட்டு நாணயத்தில் பார்த்தால் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. கடதாசித் தட்டுப்பாட்டினால் அவ்வாண்டு மார்ச் 26, சனிக்கிழமை, 'தி ஐலண்ட்', 'திவயின' ஆகிய நாளிதழ்கள் அச்சில் வெளிவரவில்லை. இணையத்தில் மட்டுமே வந்தன. எங்கள் பத்திரிகையும் பக்கங்களைக் குறைத்தது. அரைப் பக்கமாக இருந்த என் பத்தி கால் பக்கமாயிற்று. ஊதியத்தை உயர்த்தித் தாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் பழைய சகாக்கள் மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றுவிட்டு வந்து பக்கம் முடித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பணம் இன்றும் கொழும்பு வங்கிக் கணக்கிலேயே சேர்கிறது. ஊரிலுள்ள அக்காவின் மருந்துச் செலவுக்கு உதவுகிறது.

நேர வித்தியாசம் எனக்குச் சாதகமானது. கொழும்பில் மாலை ஆறு மணிக்குப் பக்கம் முடிக்க வேண்டுமானால் குளிர்காலத்தில் இங்கே நண்பகல் 12.30, கோடையில் பிற்பகல் 1.30. விடிகாலையில் எழுந்து, ஊரில் இருவரோடு பேசி, எழுதி, திருத்தி அனுப்ப அது போதும். நான் யுனிகோட்டில் தட்டச்சுச் செய்து அனுப்புவதைப் பக்க வடிவமைப்பாளர் பாமினி எழுத்துருவுக்கு மாற்றிக்கொள்வார். மாற்றத்தின்போது சிதையும் எழுத்துகளை ஒப்புநோக்குநர் கண்டுபிடிப்பார். அவர் கண்ணுக்கும் தப்பியவற்றை வாசகர்கள் கண்டுபிடித்து எனக்கு அனுப்புவார்கள். இவ்வளவில், தூரம் ஒரு பொருட்டே இல்லை என்று தோன்றும்.

தூரம் தெரிவது வேறோர் இடத்தில். கொழும்பில் இருந்தபோதும் வன்னியில் நடப்பதைப் பெரும்பாலும் தொலைபேசியில் கேட்டுத்தான் எழுதினேன். ஆயினும் ஒரு தகவலில் ஐயம் எழுந்தால் இரவு பஸ்ஸில் ஏறி விடிகாலையில் அங்கே இறங்கலாம். எழுதியதற்கு எதிர்ப்பு வந்தால் அலுவலக வாசலில் நானும் நிற்பேன். இப்போது அந்த இரண்டும் என்னால் இயலாதவை. என் கண்ணாக இருப்பவர் ஒரு பிராந்திய செய்தியாளர். எதிர்ப்பு வந்தாலும் அது அவருடைய வாசலுக்கே போகும். அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அச்சில் வரும் செய்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு தொகை கிடைக்கும். மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடித்தாலே அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

2023இல், வன்னியில் ஓர் ஆற்றங்கரையில் இரவு வேளைகளில் நடந்த சட்டவிரோத மணல் அகழ்வைப் பற்றி நான் எழுதினேன். தகவல் முழுவதும் அவருடையது. ஓர் இரவில் எத்தனை டிப்பர்கள் போயின, எந்த ஒழுங்கையால் பிரதான வீதிக்கு ஏறின என்பதையெல்லாம் விழித்திருந்து எண்ணிச் சொன்னார். எழுதி முடித்ததும் வழமைபோல முதலில் அவருக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அழைப்பு வந்தது.

"அண்ணை, எல்லாம் சரி. அந்த ஒழுங்கையின்ரை பேரை மட்டும் எடுத்துவிடுங்கோ. அதில ஒரேயொரு வீடுதான் இருக்கு. அது என்ரை மாமியின்ரை வீடு."

கட்டுரையின் உயிரே அந்தப் பெயர்தான். இடத்தைச் சுட்டினால் அதிகாரிகள் மறுக்க இயலாது. சுட்டாவிட்டால் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். இருந்தும் எடுத்துவிட்டேன். கட்டுரை வெளிவந்த வாரம், முன்பின் தெரியாத இருவர் அந்தப் பகுதிக்கு வந்து யார் தகவல் கொடுத்தது என்று விசாரித்துவிட்டுப் போனார்களாம். எந்த வீட்டையும் அவர்களால் சுட்டிக்காட்ட முடியவில்லை. மணல் அகழ்வும் நிற்கவில்லை. ரொறன்ரோவிலிருந்து ஒரு வாசகர் எழுதினார்: "பாதுகாப்பான நாட்டில் இருந்துகொண்டும் இப்படிப் பயந்து பயந்து எழுதுகிறீர்களே?"

அவருடைய கோபம் நேர்மையானது. ஆனால் பாதுகாப்பான நாட்டில் இருப்பவன் நான் ஒருவன்தான்.

இந்த வேறுபாட்டை எங்கள் தலைமுறை மிக அதிக விலைகொடுத்து அறிந்திருக்கிறது. மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பிய செய்திகள் லண்டனிலிருந்து பிபிசியின் தமிழோசையில் ஒலித்தன. கேட்டவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். செய்தி தந்தவர் யாழ்ப்பாணத்தில் தம் வீட்டில் இருந்தார். 2000 ஒக்டோபர் 19ஆம் திகதி இரவு அந்த வீட்டிலேயே அவர் கொல்லப்பட்டார். 2006 மே 2ஆம் திகதி, உலக பத்திரிகைச் சுதந்திர தினத்துக்கு முதல் நாள், 'உதயன்' அலுவலகத்துள் ஆயுததாரிகள் புகுந்து சுட்டதில் உயிரிழந்த இருவரும் அங்கே வேலை செய்த ஊழியர்கள். எழுத்துக்கான தண்டனை எழுதியவனைத் தேடி வெகுதூரம் அலைவதில்லை. கைக்கெட்டிய இடத்தில் யார் இருக்கிறாரோ, அவர்மீது விழுகிறது.

போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன; இன்று அக்காலம் போல் இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு சிற்றூரில், டிப்பர் வைத்திருப்பவருக்கும் செய்தி எழுதுபவருக்கும் இடையே இருப்பது ஒரு வேலிதான். அந்த வேலியின் உயரத்தை லண்டனில் இருந்து அளந்து சொல்ல எனக்குத் தகுதியில்லை. அங்கே வாழ்பவர் சொல்லும் அளவையே நான் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஆகவே எனக்கென்று சில விதிகள் வைத்திருக்கிறேன். அவருடைய தகவலில் எழுந்த எதையும் அவர் படிக்காமல் ஆசிரியருக்கு அனுப்புவதில்லை. அவர் எடுக்கச் சொன்னதை எடுத்துவிடுவேன். காரணம் கேட்டு வற்புறுத்த மாட்டேன். அத்தகைய கட்டுரையின் ஊதியத்தில் பாதி அவருக்கு. பெயரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. இதுவரை வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார். இவை எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படவில்லை.

இப்போது பல இளைய ஊடகவியலாளர்கள் நாட்டைவிட்டுப் புறப்படுகிறார்கள். போன பின்னரும் எழுதுவோம் என்கிறார்கள். எழுதட்டும், இங்கே கிடைக்கும் அமைதியும் அவகாசமும் ஊருக்குப் பயன்படவேண்டியவைதாம். ஊதியம் பற்றியும் நாணய மாற்று வீதம் பற்றியும் என்னிடம் விசாரிப்பவர்களிடம், அவற்றைச் சொன்ன பின்னர் நான் ஒன்றைக் கேட்பேன்: உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு ஒருவர் கோபத்தோடு கிளம்பினால், யாருடைய படலையைத் தட்டுவார்? அந்தப் பெயர் தெரிந்திருந்தால், எதை எழுதுவது, எதை விடுவது என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இந்த வாரப் பத்தியை எழுதி முடித்துவிட்டேன். பிரதி அவருடைய கைபேசிக்குப் போயிருக்கிறது. பதில் வந்த பின்னர்தான் கொழும்புக்கு அனுப்புவேன்.