டிசம்பர் முதல் நாள்

பழைய புகைப்படம் ஒன்று என் மேசைமேல் இருக்கிறது. பனிக்காலத்து மங்கிய ஒளி. திறந்த வெளியில் பெருந்திரளான மக்கள். மரத்தாலான ஒரு மேடை. அதன்மேல் நின்று ஓர் இளம் ஆயர் அறிக்கை ஒன்றை வாசிக்கிறார். 1918 டிசம்பர் 1 அன்று, திரான்சில்வேனியாவின் அல்பா யூலியா நகரில் எடுக்கப்பட்ட படம் அது. கூடியிருந்தோர் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர். படம் எடுத்தவரோ சமோய்லா மர்சா என்ற ஒருவர்தாம். அன்று அவர் எடுத்தவை ஐந்தே படங்கள். நம் பங்குகளில் ஒரு புதுநன்மை விழாவுக்கு எத்தனை படங்கள் எடுக்கிறோம் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

நான் குருமட மாணவனாயிருந்தபோது, 1989-ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு விழா நாளில் ருமேனியாவின் சர்வாதிகாரி சௌசெஸ்கு சுட்டுக் கொல்லப்பட்டார். வானொலி அச்செய்தியைச் சொல்லும்வரை அந்நாடு எனக்கு வரைபடத்தில் ஒரு பெயராகவே இருந்தது. அந்த ஆயரின் பெயரை நான் அறிந்துகொள்ள இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. 2019 ஜூன் 2 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் பிளாஜ் நகரில் ஆயர்கள் எழுவரை முத்திப்பேறு பெற்றவர்களாக அறிவித்தார். அவர்களுள் ஒருவர் யூலியு ஹொசு. மேடையில் நிற்பவர் அவரே. அப்போது அவருக்கு வயது 33.

இலத்தீனிலிருந்து பிறந்த மொழியைப் பேசும் ருமேனியர் நெடுங்காலம் வலாக்கியா, மொல்தாவியா, திரான்சில்வேனியா எனப் பிரிந்து வாழ்ந்தனர். 1600-இல் மிக்காயேல் என்ற வீரன் மூன்றையும் சில மாதங்கள் ஒருகுடைக்கீழ் கொணர்ந்தான். மறு ஆண்டே கொல்லப்பட்டான். 1859-இல் நடந்தது சுவையானது. மொல்தாவியாவுக்கும் வலாக்கியாவுக்கும் தனித்தனி அரசர் இருக்கவேண்டும் என்பது வல்லரசுகளின் ஏற்பாடு. இரு நாட்டாரும் தனித்தனியேதான் தேர்ந்தெடுத்தனர். ஆனால் அலெக்சாந்துரு குசா என்ற ஒரே மனிதரை! ஏழைகளின் இத்தகைய சாதுரியத்தை நான் மிகவும் இரசிப்பவன்.

திரான்சில்வேனியா மட்டும் ஹாப்ஸ்பர்க் பேரரசுக்குள்ளேயே இருந்தது. அங்கே ருமேனியர் எண்ணிக்கையில் மிகுதி, உரிமையில் ஒன்றுமில்லை. 1700-ஐ ஒட்டி அவர்களுடைய குருக்களில் ஒரு பகுதியினர், தங்கள் பிசாந்திய வழிபாட்டையும் மணம்புரிந்த குருக்கள் என்னும் மரபையும் காத்துக்கொண்டு, உரோமையோடு ஒன்றித்தனர். இதில் அரசியல் நோக்கங்களும் கலந்திருந்தன. அதை மறைப்பதில் பயனில்லை. ஆயினும் அவ்வொன்றிப்பிலிருந்து பிறந்த கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபைதான் பிளாஜ் நகரில் 1754-இல் பள்ளிகளைத் திறந்தது. அதன் ஆயர் மீக்கு கிளைன் தம் மக்களின் உரிமைக்காக வியன்னா அரசவையோடு வாதாடி, 1744-இல் உரோமைக்குச் சென்று, ஊர் திரும்ப முடியாமலே 1768-இல் இறந்தார். அவருடைய எலும்புகள் பிளாஜுக்கு வந்து சேர்ந்தது 1997-இல்.

1918-இன் அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை. நம் நாள்காட்டியில் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. மண்டபத்தினுள் 1228 பிரதிநிதிகள் நிறைவேற்றிய ஒன்றிப்பு அறிக்கையை வெளியே மக்களுக்கு வாசித்தார் ஹொசு. ஆர்த்தடாக்ஸ் ஆயர் மிரோன் கிறிஸ்தேயாவும் அன்று மக்களிடம் பேசினார். அறிக்கையின் வாக்குறுதிகளை ஊன்றிப் படித்தேன். உடன்வாழும் மக்களினங்கள் தத்தம் மொழியிலேயே கல்வியும் நிர்வாகமும் பெறும். எல்லாத் திருச்சபைகளுக்கும் சம உரிமையும் முழு விடுதலையும் உண்டு. ஒன்றாகிற அந்த நொடியிலேயே, வேறாக இருப்போருக்கும் இடம் ஒதுக்கினார்கள்.

இடம் விரைவிலேயே சுருங்கியது. 1922-இல் அதே நகரில் முடிசூடிய மன்னர் பெர்டினாந்து கத்தோலிக்கர். ஆகவே, இதற்கெனவே கட்டிய ஆர்த்தடாக்ஸ் ஆலயத்துக்கு வெளியில்தான் அவர் முடிசூட்டிக்கொண்டார். 1923-இன் அரசியலமைப்பு ஆர்த்தடாக்ஸ் திருச்சபையை முதன்மை பெற்ற திருச்சபை என்றும், கிரேக்கக் கத்தோலிக்கத்தை ஏனைய சமயங்களுக்கு முந்தியது என்றும் படிவரிசை செய்தது. பின்னர் வந்த பொதுவுடைமை அரசு ஒருபடி மேலே போயிற்று. இனம் ஒன்று, ருமேனியருக்குத் திருச்சபை மட்டும் ஏன் இரண்டு? 358-ஆம் எண் ஆணை கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையை ஒழித்தது. ஆணையின் நாள் 1948 டிசம்பர் 1. ஹொசு வாசித்த நாளிலிருந்து சரியாக முப்பது ஆண்டுகள்.

அதற்குமுன்பே ஆயர்கள் கைதாகியிருந்தனர். ஹொசு 1950 முதல் 1955 வரை சிகெத் சிறையில் இருந்தார். கிரேக்கக் கத்தோலிக்க ஆயர்கள் மூவர் அங்கேயே இறந்தனர். 1918-இன் ஒன்றிப்பை முன்னின்று நடத்திய பொதுநிலையினரான யூலியு மனியுவும் 1953-இல் அதே சிறையில் உயிர்விட்டார். ஆர்த்தடாக்ஸ் குருக்கள் பலரும் அந்த ஆட்சியில் சிறைப்பட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். துன்பம் ஒரு தரப்பின் சொத்தன்று.

இதைப் படித்தபோது என் பழைய தவறு ஒன்று நெஞ்சில் உறுத்தியது. இளம் பங்குக் குருவாக நான் பணியாற்றிய ஊரில், திருவிழாவன்று கிளைக்கிராமத்து மக்கள் தங்கள் அந்தோனியார் சப்பரத்தைத் தனியே தூக்கி வருவார்கள். பங்கு ஒன்று, பவனியும் ஒன்று என்று சொல்லி அதை நிறுத்தினேன். அவ்வாண்டு அவர்கள் கடைசி வரிசையில் பேசாமல் நடந்தார்கள். மறு ஆண்டு வரவில்லை. ஒற்றுமை நிலவுகிறது என்று நான் ஆயருக்கு அறிக்கை எழுதினேன். மூவொரு இறைவனில் தந்தை மகனல்லர், மகன் தூய ஆவியல்லர், ஆயினும் ஒருவரே என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவன்தான் நான்.

ஹொசுவின் இறுதி ஆண்டுகள் கல்தருசானி என்னும் ஆர்த்தடாக்ஸ் துறவு மடத்தில், அரசின் கட்டாயக் காவலில் கழிந்தன. 1969-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அவரைக் கர்தினாலாக்கினார். தம் மக்களை விட்டு நாட்டை நீங்க ஹொசு இசையாததால் செய்தி மறைவாகவே வைக்கப்பட்டது. 1970 மே 28 அன்று அவர் இறந்தார். உலகுக்கு அவர் கர்தினால் என்று தெரிந்தது 1973-இல்.

திருச்சபையை ஒழித்த ஆணை 1989-இன் கடைசி நாளில் நீக்கப்பட்டது. 1999 மே மாதம் இரண்டாம் அருள் சின்னப்பர் புக்கரெஸ்டு வந்தபோது, ஹொசு அடங்கியிருக்கும் பெல்லு கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் செபித்தார். மறுநாள் திறந்தவெளித் திருப்பலியில் ஆர்த்தடாக்ஸ் முதுபெருந்தந்தை தெயோக்டிஸ்ட் உடனிருந்தார். கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் மக்களும் கலந்து நின்ற அக்கூட்டத்திலிருந்து ஒரே சொல் மீண்டும் மீண்டும் எழுந்தது: ‘உனித்தாத்தே!’ அவர்கள் மொழியில் ஒன்றிப்பு என்று பொருள்.