காங்கேசன்துறையும் கீரிமலையும்

விடுமுறைக் காலத்திற் காங்கேசன்துறைப் பக்கம் செல்வோருட் பலர் அதனை அரைமணி நேரத்துக்குரிய இடமாகவே கருதுகின்றனர். கீரிமலைக் கேணியில் முழுகி, ஈரத்தலை உலருமுன்னரே திரும்பிவிடுகின்றனர். ஒரு முழுநாளையேனும் ஒதுக்குதல் வேண்டும் என்பது என் கருத்து.

புகையிரதத்திற் செல்வதே சிறப்பு. கொழும்பையும் இவ்வூரையும் 1905 இல் இணைத்த இருப்புப்பாதை இங்கேயே முடிவடைகின்றது. 1990 இல் தடைப்பட்ட சேவை 2015 சனவரியிலேதான் மீண்டும் இவ்விடத்தை எட்டியது. இடைப்பட்ட காலத்திற் பிறந்த பிள்ளைகள் இந்நிலையத்தைப் பெற்றோர் வாய்ச்சொல்லாலேயே அறிந்தனர். ஊரில் 1893 இல் எழுந்த வெளிச்சவீடும் துறைமுகமும் உள. நாகபட்டினத்துக்கான பயணிகள் கப்பற் சேவை 2023 இல் இத்துறையிலிருந்தே தொடங்கியது.

மேற்கே ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது கீரிமலை. அலை வந்து மோதும் கரையிலே, கைக்கெட்டும் தூரத்தில், நன்னீர் ஊறுகின்றது. ஆடவர்க்கு ஒரு கேணி. மகளிர்க்கு மதில் சூழ்ந்த வேறொரு கேணி. முதலிற் கடலாடி, உப்பைக் கேணியிற் கழுவிக்கொள்வது பலர் வழக்கம். சவர்க்காரத்தை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

இந்நீர் எங்கிருந்து வருகின்றது? மாணவர் இதனை விளங்கிக்கொள்ளுதல் நன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரிமழை சுண்ணக்கல்லின் வெடிப்புக்களூடே இறங்கி, நிலத்தடியில் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அதன் ஒரு பகுதி கரையிலே கல்லின் வாயால் வெளிப்படுவதே கீரிமலை ஊற்று. நம் தோட்டக் கிணறுகளில் இறைப்பதும் இத்தகைய நீரையே. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலெழும். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் படிப்பதிலும் கேணிப்படியில் நின்று இதனைப் பிள்ளைக்குச் சொல்வது எளிது.

அந்தச் சுண்ணக்கல்லையே அகழ்ந்து, 1950 முதல் 1990 வரை காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கிற்று. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறிட்டது அது. அகழ்ந்த பள்ளங்களோ இன்றும் கிடக்கின்றன. இரண்டையும் பிள்ளைகள் அறியட்டும்.

கேணிக்கு அண்மையிலுள்ளது நகுலேஸ்வரம். போர்த்துக்கேயர் இடித்த அக்கோயில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீள எழுந்தது. 1990 இற் குண்டுவீச்சுக்கு இலக்காகி, பின்னர் மீண்டும் திருத்தம் பெற்றது. திரும்பும் வழியில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலையும் தரிசிக்கலாம். குதிரைமுகம் கொண்ட சோழ இளவரசி கீரிமலையில் நீராடி அம்முகம் நீங்கப்பெற்றாள் என்பது கதை. மா விட்ட புரம் என்ற பெயர்க்காரணமும் அதுவே. வரலாறு எனக் கொள்ளாது கதையாகவே அதனைச் சொல்லுங்கள், பிள்ளைகள் விரும்பிக் கேட்பர்.

மாவிட்டபுரத் திருவிழாவின் தீர்த்தம் ஆடியமாவாசையன்று கீரிமலையில் நடைபெறும். தந்தையை இழந்தோர் அன்று இங்கே பிதிர்க்கடன் ஆற்றுவர். வலிகாமம் வடக்கு மக்கள் 1990 இல் இடம்பெயர்ந்தபின், இக்கரைக்கு வருவது நெடுங்காலம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தது. தந்தை பெயரால் எள்ளும் நீரும் இறைக்க வேற்றுக்கரை தேடியோர் பலர். இன்று அவர்கள் பேரப்பிள்ளைகளின் கைபிடித்து இப்படிகளில் இறங்குவதைக் காணலாம். வீடு சென்றதும் காத்தோட்டிக்காய்க் கறியோடு விரதச் சோறு.

அன்று கூட்டம் பெரிது. நீராடி மகிழவே செல்வோர் வேறொரு நாளைத் தெரிந்துகொள்க. மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்றாற் கடல் கொந்தளிக்கும். சிறுவர் கேணியோடு நின்றுகொள்வதே நல்லது.