மைல் கணக்கு

ஸ்கூட்டர் ராலி என்று சொன்னவுடன் புழுதி பறக்கும் பந்தயம் ஒன்றை நண்பர்கள் மனத்தில் வரைந்துகொள்கிறார்கள். இங்கிலாந்தில் அச்சொல்லின் பொருள் வேறு. ஈஸ்டர் தொடங்கிச் செப்டம்பர் இறுதிவரை, வார இறுதி நாட்களில், ஏதேனும் ஒரு கடற்கரை ஊரில் பழைய வெஸ்பாக்களும் லாம்பிரெட்டாக்களும் நூற்றுக்கணக்கில் வந்து கூடும். பகலில் உதிரிபாகச் சந்தை, இரவில் சோல் இசை, ஞாயிறன்று தலைவலியோடு வீடு திரும்புதல். அவ்வளவே. யாரும் யாரையும் முந்துவதில்லை. 1964இல் கிளாக்டனிலும் பிரைட்டனிலும் மோட் இளைஞர்களும் ராக்கர்களும் அடித்துக்கொண்டதைச் செய்தித்தாள்கள் ஊதிப் பெருக்கின. 1979இல் ‘குவாட்ரொஃபீனியா’ திரைப்படம் வந்து அந்த மோகத்தை மறுபடியும் கிளப்பியது. அன்று இளைஞராயிருந்தவர்கள் இன்று முழங்கால் வலிக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டு அதே ஊர்களுக்குப் போய் வருகிறார்கள். லெஸ்டரில் குடியிருக்கும் நாங்கள் இருவரும், கணவனும் மனைவியுமாக, அவர்களோடு சேர்ந்துகொண்டது தற்செயல்.

எங்கள் ஊர்க் கழகத்தில் பருவம் முழுவதும் நீளும் போட்டி ஒன்று உண்டு. அந்தப் பருவத்தில் ராலிகளுக்காக அதிக மைல் ஓட்டியவருக்கு, மரப்பலகையில் பொருத்திய பழைய பிஸ்டன் ஒன்று பரிசு. விற்கப்போனால் இரும்பு விலைகூடப் பெறாத பொருள். அதற்காக மழையில் நனைந்து ஸ்காட்லாந்து எல்லைவரை போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

மைலை எப்படி அளப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வண்டியிலுள்ள மீட்டரை யாரும் நம்புவதில்லை. அதன் கேபிள் எப்போது அறுந்தது என்பதே பலருக்குத் தெரியாது. ஆகவே வீட்டிலிருந்து ராலி ஊர்வரை வரைபடத்தில் உள்ள தொலைவு, அதன் இருமடங்கு என்பதே கணக்கு. வேனில் ஏற்றிக்கொண்டு வந்தால் சுழி. வழியில் வண்டி நின்றுபோனால், நின்ற இடம்வரை மட்டுமே மைல். போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சியாக, ராலி மைதானத்தில் கழகத்தின் முதியவர் ஒருவர் வைத்திருக்கும் குறிப்பேட்டில் கையொப்பமிட வேண்டும். (அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கணக்கப்பிள்ளை. அது என்ன சொல் என்று அவர் கேட்டபோது, மரியாதையான பதவி என்று சொல்லிவைத்தோம்.) வீடு திரும்பியதற்குச் சாட்சி கிடையாது. அவரவர் சொல்லே சாட்சி.

இந்தப் போட்டியில் லெஸ்டர்க்காரர்களுக்கு இயற்கையே ஓரவஞ்சனை செய்திருக்கிறது. பிரிட்டனில் கடலிலிருந்து மிகத் தொலைவில் உள்ள இடம் என்று சொல்லப்படும் கோட்டன் இன் தி எல்ம்ஸ் என்னும் சிற்றூர் எங்களுக்கு அருகில்தான் இருக்கிறது. அங்கிருந்தும் கடல் ஏறத்தாழ 70 மைல்தான். நடுநாட்டில் இருப்பதால் எந்தக் கரையும் எங்களுக்கு எட்டாத தொலைவில் இல்லை. கார்ன்வாலில் வாழ்பவர் இரண்டு ராலிகளில் சேர்த்துவிடும் மைலுக்கு நாங்கள் நான்குக்குப் போக வேண்டும். நல்லவேளையாக, எங்கள் கழகத்தில் எல்லோரும் நடுநாட்டவர்களே.

எங்கள் வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது லாம்பிரெட்டா ஜிபி 150. ஆனால் மிலானில் பிறந்ததன்று. இன்னொசென்டி நிறுவனம் 1971இல் லாம்பிரெட்டா உற்பத்தியை நிறுத்தியபின், அச்சு, வார்ப்பு உட்பட எல்லா இயந்திரங்களையும் இந்திய அரசு வாங்கி லக்னோவுக்குக் கொண்டுபோனது. அங்கே ஸ்கூட்டர்ஸ் இந்தியா செய்த வண்டிகள் உள்நாட்டில் விஜய் சூப்பர் என்றும், வெளிநாட்டில் லாம்பிரெட்டா என்றும் விற்கப்பட்டன. இங்கே இத்தாலிய வண்டிக்குள்ள விலையும் மதிப்பும் இந்திய வண்டிக்குக் கிடையாது. “ஓ, இந்தியனா?” என்று வண்டியைப் பார்த்துக் கேட்பார்கள்; பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துச் சற்று நெளிவார்கள். எங்களுக்கு அதில் வருத்தமில்லை. எங்களில் ஒருவருடைய தகப்பனார் மதுரையில் விஜய் சூப்பர் வைத்திருந்தார். காலையில் அதைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்து, நிமிர்த்தி, முருகா என்று உதைத்தால்தான் உயிர் வரும். எங்கள் வண்டிக்கும் அதே வைத்தியம்தான். மீட்டர் கிலோமீட்டரில் ஓடுவதால், மைலுக்கு மாற்றும் வேலை பின்னிருக்கைக்காரருடையது.

2023 பருவத்தில் நாங்கள் ஸ்கார்பரோ, கெல்சோ, எக்ஸ்மவுத், ஸ்கெக்னஸ் ஆகிய நான்கு ஊர்களுக்கும் வண்டியிலேயே போய் வந்தோம். கெல்சோ ஒருவழியே 250 மைலுக்கு மேல். அந்தப் பயணத்தின் பிற்பகுதி முழுவதும் மழை. கையுறையைப் பிழிந்து பிழிந்து மாட்டிக்கொண்டு, ஏன் வந்தோம் என்று ஒருவரையொருவர் கேட்கக்கூடத் தெம்பில்லாமல் போனோம். ஆகஸ்ட் இறுதியில் ஐல் ஆஃப் வைட் ராலிக்குப் புறப்பட்டபோது எங்கள் கணக்கு 1,390. அது ஒருவழி 155 மைல். போய்த் திரும்பினால் 1,700. எங்களுக்கு முன்னால் ஒரே ஒருவர்தான் இருந்தார். எழுபதைக் கடந்தவர், பழைய வெஸ்பா பிஎக்ஸ் ஓட்டுபவர். தீவுப் பயணத்தையும் சேர்த்து அவருடைய கணக்கு 1,669. அதற்குப்பின் அவருக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை இருந்ததால் அவருடைய பருவம் அத்தோடு முடிந்தது. ஆக, வீடு வந்து சேர்ந்தால் 31 மைலில் வெற்றி எங்களுடையது.

திரும்பும் வழியில், போர்ட்ஸ்மவுத்தில் கப்பலை விட்டு இறங்கியதும் பெட்ரோல் போட்டோம். டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலோடு எண்ணெயும் கலந்தாக வேண்டும் என்பது பழைய ஸ்கூட்டர் வைத்திருந்த எவருக்கும் தெரியும். எங்கள் இன்ஜினுக்கு நூற்றுக்கு நான்கு பங்கு. 5 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி. எங்களில் ஒருவர் பணம் செலுத்த உள்ளே போனார். மற்றவர் தொட்டியை மூடினார். எண்ணெயை மற்றவர் ஊற்றியிருப்பார் என்று இருவருமே நினைத்துக்கொண்டோம்.

தொட்டியில் எஞ்சியிருந்த 2 லிட்டர் பழைய கலவைதான் வண்டியை அவ்வளவு தூரம் ஓட்டியது. ஏழு லிட்டரில் நூற்றுக்கு ஒரு பங்கு எண்ணெய். நியூபரியைக் கடந்து ஏ34 சாலையில் ஓர் ஏற்றத்தில் ஏறுகையில், வண்டி முனகுவது போல் ஓர் ஓசை கேட்டது. அடுத்த கணம் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடித்து எப்படியோ ஓரத்துக்கு வந்தோம். பின்னால் வந்த லாரி ஒலியெழுப்பியபடி எங்களை உரசாத குறையாகக் கடந்துபோனது. கருவிப் பெட்டியைத் திறந்தால், உடைக்காத முத்திரையோடு எண்ணெய்ப் புட்டி. இருவரும் அதைப் பார்த்தோம். சண்டைக்கு நல்ல வாய்ப்பு. இருவருக்குமே கைகால் நடுங்கிக்கொண்டிருந்ததால் அது நடக்கவில்லை.

மீட்பு லாரி வந்து, வண்டியைக் கட்டி, எங்களையும் ஏற்றிக்கொண்டு வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது நள்ளிரவு. 95 மைலை லாரியின் முன்னிருக்கையில் கழித்தோம். லாரிக்காரரைத் தவிர அதை அறிந்தவர் எவருமில்லை. கழகத்து நண்பர்கள் எங்களுக்கு முன்பே போய்விட்டிருந்தார்கள். வெஸ்பா முதியவர் தீவிலேயே மகள் வீட்டில் தங்கிவிட்டார்.

கணக்கு எழுதி அனுப்பும் தாளில், போவதற்கு முன்பே, பென்சிலால் 310 என்று குறித்து வைத்திருந்தோம். அதை அழிக்கவும் இல்லை, மையால் எழுதவும் இல்லை. மூன்று வாரம் அது குளிர்சாதனப் பெட்டியின் கதவிலேயே காந்தத்தில் தொங்கியது. எங்களில் ஒருவர் சொன்னார்: “விடுங்க, மழையிலே கெல்சோ போய் வந்தது நாமதானே. அதுக்கு இது ஈடு.” மற்றவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் பேச்சு இடம் மாறியது, முன்பு பேசாதவர், “இரும்புத் துண்டுக்குப் போயா பொய் சொல்லணும்?” என்றார். அதற்கு முதலாமவர், “இரும்புத் துண்டுதானே, சொன்னா என்ன?” என்று திருப்பிக் கேட்டார். யார் எதைச் சொன்னது என்பதை இங்கே எழுத வேண்டாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். நேர்மை பற்றிப் பிள்ளைகளுக்குப் போதித்த சொற்கள் எதுவும் அப்போது எங்களுக்கு உதவிக்கு வரவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறோம்.

கடைசியில் முடிவு செய்தது தாளைச் சேர்ப்பிக்க வேண்டிய நாள்தான். அக்டோபர்க் கூட்டத்தில், மதுக்கடையின் பின்னறையில், கணக்கப்பிள்ளை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “தீவு?” என்றார். “போக 155. வர 60” என்றோம். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னது முன்கூட்டிப் பேசி வைத்ததன்று. அவர் நிமிர்ந்து பார்த்து, “எண்ணெயா?” என்று கேட்டார். ஆம் என்றோம். “நீ ஊற்றியிருப்பாய் என்று அவர், அவர் ஊற்றியிருப்பார் என்று நீ?” அறையிலிருந்த அனைவரும் சிரித்துவிட்டார்கள். அங்கிருந்தவர்களில் பாதிப்பேர் ஒருமுறையேனும் அதைச் செய்தவர்கள். 1,605 என்று எழுதிக்கொண்டார்.

64 மைல் வித்தியாசத்தில் பிஸ்டன் பலகை, ஊன்றுகோலோடு வந்திருந்த வெஸ்பா முதியவருக்குப் போனது. கைதட்டும்போது எங்களுக்கு முழு மகிழ்ச்சி என்று சொன்னால் அது இரண்டாவது பொய்க்கணக்காகிவிடும். அவர் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்களிடம் வந்து, சிலிண்டரைக் கடைந்து கொடுக்கும் பட்டறை ஒன்றின் தொலைபேசி எண்ணை பீர்க்கோப்பை அட்டையின் பின்புறம் எழுதிக் கொடுத்தார். “ஒரு அளவு பெரிய பிஸ்டன் போடு. முதல் 300 மைல் மெதுவாக ஓட்டு” என்றார்.

புது பிஸ்டன் டிசம்பரில் வந்தது. அந்த 300 மைலைக் குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில், வயல்களுக்கு இடையேயுள்ள சிறு சாலைகளில், முப்பது மைல் வேகத்துக்கு மேல் போகாமல் ஓட்டி முடித்தோம். கழகக் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை. பருவம் தொடங்க மூன்று மாதம் இருந்தது. ஒவ்வொரு முறையும் பெட்ரோல் நிலையத்தில் ஒருவர் எண்ணெய் ஊற்ற, மற்றவர் பக்கத்தில் நின்று, பச்சை நிறம் பெட்ரோலில் கரைவதைப் பார்த்து, “ஊற்றியாயிற்று” என்று உரக்கச் சொல்வார். வரிசையில் பின்னால் நிற்கும் கார்க்காரர்கள் எங்களை விநோதமாகப் பார்ப்பார்கள்.