குற்றம் மீனுடையதா, ஐஸுடையதா?

ஜூன் 10

நேற்று நள்ளிரவோடு கேரளக் கரையில் டிராலிங் தடை தொடங்கிவிட்டது. ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். அதற்காகப் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லை ஊர்களில் மரச்சீனிக்கு மீன்கறி இல்லாமல் போய்விடாது. வள்ளங்களுக்குத் தடை இல்லை. தமிழ்நாட்டின் கிழக்குக் கரைத் தடை ஜூன் 14-இல் முடிந்ததும் அங்கிருந்து லாரிகள் களியக்காவிளை வழியாக ஏறி வரும். தூரம் கூடக் கூட மீன் ஐஸை நம்பித்தான் இருக்கிறது. சூரையோ அயிலையோ தின்ற சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு தடித்து அரித்து, தலையும் வலித்தால் ‘எனக்கு மீன் அலர்ஜி’ என்று ஆயுளுக்கும் தீர்ப்பு எழுதிக்கொள்கிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது அந்த ஐஸைத்தான்.

காரணம் இது. சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்தவுடன் குளிர்விக்காவிட்டால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். உண்மையான அலர்ஜியில் நம் உடம்பின் செல்களே கொட்டுவதும் இதே ஹிஸ்டமின்தான். அதனால் இரண்டுக்கும் அடையாளம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறது. இரண்டுக்கும் அவில் மாத்திரை கேட்கிறது. மாத்திரையில் தணிந்ததை வைத்து அலர்ஜிதான் என்று முடிவுகட்ட முடியாது. உருவாகிவிட்ட ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. நாற்றமும் காட்டிக்கொடுக்கும் என்று சொல்ல முடியாது. மீனில் 100 கிராமுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்பு.

ஜூன் 16

‘மீனைச் சோதித்துத்தானே விடுகிறார்கள்?’ என்று ஒருவர் கேட்கலாம். 2018 ஜூனில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை ‘ஆபரேஷன் சாகர் ராணி’ என்று இறங்கி, அமரவிளை முதலிய சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீனைப் பிடித்தது. கொச்சியின் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய காகிதப் பட்டைகள் அப்போது ஊரெல்லாம் பேசப்பட்டன. நல்ல வேலைதான். ஆனால் அந்தப் பட்டைகள் ஃபார்மலினையும் அமோனியாவையும் காட்டுபவை. ஹிஸ்டமினுக்கு வேறு சோதனை வேண்டும். ஃபார்மலின் இல்லை என்பதால் மட்டும் மீன் புதியது ஆகிவிடாது.

‘எதற்கு வம்பு, மீனையே விட்டுவிட்டால் போச்சு’ என்பது இன்னொரு வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூலிவேலைக்குப் போகிற வீட்டில் சாளையை நிறுத்தினால் அந்தப் புரதத்தின் இடத்தில் என்ன வரும்? பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் மரச்சீனி. இதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. ஐஸ் போடாமல் விற்றவரின் குற்றம் தின்றவரின் உடம்புக் கோளாறாகப் பதிவாகிவிடுகிறது. புகார் எழுவதில்லை, நாளை அதே பெட்டியிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மீன் போகிறது.

ஜூன் 28

இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டி மறுப்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். பெங்களூரு, மைசூரு வட்டாரத்துப் பெரியவர்களிடம் நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏதாவது ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் 26.5 சதவீதத்தினரின் இரத்தத்தில் இருந்தது. உணவு அலர்ஜி இருக்கக்கூடும் என்று கருதப்பட்டவர்களோ 1.2 சதவீதம். இரத்தத்தில் இருப்பதெல்லாம் நோயாக வெளிப்படுவதில்லை. நம் ஊர் மழைக்கு இதில் தனிப் பங்கு உண்டு. ஈரக் காற்றில் மெத்தையிலும் தலையணையிலும் செழிப்பது தூசி உண்ணி. அதன் உடம்பிலுள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதம் இறாலிலும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. உண்ணிக்குப் பழகிய இரத்தம் இறாலுக்கும் ‘பாசிட்டிவ்’ காட்டலாம். அப்படிக் காட்டியவர் இறாலை ஒரு தொந்தரவும் இல்லாமல் தின்றுகொண்டும் இருக்கலாம். அந்த வீட்டில் மாற்ற வேண்டியது தலையணை உறை; கொதிநீரில் அலசி வெயில் கண்டபோது உலர்த்தலாம். சட்டியில் கைவைக்கத் தேவையில்லை. நீண்ட தடைப்பட்டியலோடு வருகிற பரிசோதனைகளை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

ஜூலை 9

இப்படி எழுதினால் உண்மையான அலர்ஜிக்காரர்கள் அசட்டையாகிவிட மாட்டார்களா? இதுதான் வலுவான ஆட்சேபம். இறாலின் அந்தப் புரதம் வேகவைத்தாலும் அழிவதில்லை. உண்மையிலேயே ஒவ்வாதவருக்கு ஒரு துண்டும் ஆபத்துதான். தொண்டை இறுகுவது, குரல் கம்முவது, மூச்சு இழுப்பது, மயக்கம் வருவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் மருந்துக்கடை மாத்திரையோடு உட்காரக் கூடாது. அங்கே வேண்டியது தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கெட்ட மீனா அலர்ஜியா என்ற விசாரணையெல்லாம் உயிர் தப்பிய பிறகு. தன் எதிரி எது என்று திட்டமாகத் தெரிந்தவரே சரியாக விலகி நடப்பார். இருபது உணவுக்குப் பயப்படுகிறவர் என்றாவது அலுத்துப்போய் எல்லாவற்றையும் தின்பார்.

எனவே டாக்டரிடம் போகும்போது ஒரு துண்டுத்தாள் எடுத்துப் போங்கள். என்ன மீன், எங்கே வாங்கியது, ஐஸில் இருந்ததா, தின்று எவ்வளவு நேரத்தில் தடித்தது, கூடச் சாப்பிட்ட யாருக்காவது அதே தொந்தரவு வந்ததா, அதே மீனை முன்பு தின்றபோது ஏதும் ஆனதா என்று அதில் எழுதுங்கள். கூட இருந்தவர்களுக்கும் தடித்திருந்தால், அதே தாளின் நகல் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் போகட்டும்.