வந்தாரும் இருந்தாரும்

பிறந்த மண்ணை விட்டுப் பெயர்தல் எவர்க்கும் எளிதன்று. பொருள் தேடிப் புறப்படுவோர் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துச் செல்வர். உயிர் தப்பி ஓடுவோர்க்கோ பூட்டுவதற்கு வீடே எஞ்சுவதில்லை. அவ்வாறு வந்த ஆப்பிரிக்க மக்களை ஒரு நகரம் எங்ஙனம் ஏற்றுக்கொண்டது என்பது அறியத்தக்கதொரு வரலாறாகும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கு மூலையில் மெயின் என்னும் மாநிலம் உள்ளது. பனி மிகுந்த அம்மாநிலத்திலே, ஆண்ட்ராஸ்காகின் ஆறு அருவியாய் வீழும் இடத்தில் அமைந்த நகரம் லூயிஸ்டன். அந்நீரின் விசையைக் கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சாலைகள் பல எழுந்தன. ஆலைகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். கனடாவின் கியூபெக் பகுதியில் வறுமையால் வாடிய பிரெஞ்சு மொழி பேசும் மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினர்.

அவர்களை ஊரார் மாலையிட்டு வரவேற்கவில்லை. மொழி வேறு, சமயப் பிரிவு வேறு என்று ஒதுக்கினர். பள்ளிகளில் ஆங்கிலமே பாடமொழியாதல் வேண்டும் என்று 1919இல் மெயின் மாநிலம் சட்டம் இயற்றியது. தாய்மொழி பேசியதற்காகத் தண்டனை பெற்ற சிறுவர் பலர். 1920களில் கத்தோலிக்கரை வெறுத்த கூட்டத்தார் அம்மாநிலத்தில் ஊர்வலம் வந்து அச்சுறுத்தினர். எனினும் அம்மக்கள் சோர்ந்துவிடவில்லை. தமக்குள் உதவிச் சங்கங்கள் அமைத்தனர். 1880இல் தம் மொழியில் செய்தித்தாள் ஒன்றைத் தொடங்கினர். அவர்களிடையே தொண்டு செய்த கன்னியர் 1888இல் மருத்துவமனை ஒன்றை நிறுவினர். இங்ஙனம் தமக்குத் தாமே துணையாகி, வந்த ஊரைச் சொந்த ஊராக்கிக்கொண்டனர்.

காலம் சுழன்றது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இளைஞர் வேலை தேடி வெளியேறினர். நகரின் நடுவே வீடுகள் ஆளின்றிக் கிடந்தன.

கடலுக்கு அப்பால் கிழக்கு ஆப்பிரிக்காவில் வேறொரு துன்பம் மூண்டது. 1991இல் சோமாலியாவின் அரசு வீழ்ந்தது. உள்நாட்டுப் போருக்கு அஞ்சிய மக்கள் எல்லை கடந்து கென்யாவின் அகதி முகாம்களில் அடைக்கலம் புகுந்தனர். கூடாரங்களிலேயே பலர்க்கு ஆண்டுகள் பல கழிந்தன. அவர்களுள் ஒரு பகுதியினரை அமெரிக்கா ஏற்றுக் குடியமர்த்தியது. பெருநகர்களில் வாடகையும் மிகுதி. தெருக்களில் பூசலும் மிகுதி. பிள்ளைகளை அச்சமின்றி வளர்க்கத்தக்க இடம் நாடிய பெரியோர் லூயிஸ்டனைக் கண்டனர். 2001 பிப்ரவரியில் முதற் குடும்பங்கள் வந்தன. ஈராண்டுக்குள் அவர்கள் தொகை ஆயிரத்தைக் கடந்தது.

இங்கேதான் சிக்கல் தோன்றியது. அகதிகளுக்கான தொடக்க உதவிகள் பெரும்பாலும் அவர்கள் முதலில் இறங்கும் ஊரிலேயே, முதற்சில மாதங்களுக்கே கிடைப்பன. தாமாக வேறோர் ஊருக்குப் பெயர்ந்தால் அவை பின்தொடர்ந்து வாரா. வறியோர்க்கு உதவும் கடமையோ மெயின் மாநிலச் சட்டப்படி நகராட்சிக்கு உரியது. ஆலைகளை இழந்து மெலிந்திருந்த நகரம் திகைத்தது. 2002 அக்டோபரில் நகரத் தலைவர் சோமாலியப் பெரியோர்க்கு வெளிப்படையாக ஒரு கடிதம் எழுதினார். மேலும் மக்கள் வருவதைக் குறைத்துக்கொள்ளுமாறு அதில் வேண்டினார். வந்தவர் நெஞ்சம் புண்பட்டது. இருந்தவர்களும் இரு கூறாயினர்.

வெள்ளையரே உயர்ந்தோர் என்னும் வெறிகொண்ட கூட்டம் ஒன்று இதனை வாய்ப்பாகக் கருதியது. 2003 ஜனவரி 11ஆம் நாள் அந்நகரில் அது ஒரு கூட்டம் நடத்தியது. அதற்கு வந்தவர் சில பத்துப் பேரே. அதே நாளில், அந்நகரின் பேட்ஸ் கல்லூரியில் சோமாலியர்க்கு ஆதரவாகக் கூடியவர் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர். கடுங்குளிரிலும் மக்கள் வீட்டை விட்டு வந்து தம் உள்ளத்தை வெளிப்படுத்தினர்.

ஒரு நாள் கூட்டத்தால் வெறுப்பை நாணச் செய்யலாம். அன்றாட வாழ்வின் இடர்களை அகற்றிவிட இயலாது. ஆங்கிலம் அறியாத தாய் ஒருத்தி நோயுற்றாள் எனக் கொள்வோம். மருத்துவரிடம் அவளுக்காகப் பேச வேண்டியவன் பள்ளியில் பயிலும் பத்து வயது மகன். கூறத்தகாத துன்பத்தைத் தாய் மகனிடம் எங்ஙனம் கூறுவாள்? கூறினும் அவன் அதனை எங்ஙனம் எடுத்துரைப்பான்? அவளுக்குத் தேவை பணம் மட்டுமன்று; தன் மொழி அறிந்த ஒரு துணை.

இத்தேவையை நன்கு உணர்ந்தவர்கள் அதே துன்பத்தைத் தாமே கண்டவர்கள். பாத்துமா ஹுசைன் என்னும் சோமாலியப் பெண்மணி 2001இலேயே பெண்களுக்கென ஒரு சங்கத்தை நிறுவினார். அச்சங்கம் பெண்கள் தம் காலில் நிற்க வழிகாட்டியது. இல்லத்தில் கொடுமைக்கு உள்ளானவர்க்கு அரணாய் நின்றது. பின்னர் வேறு நாடுகளிலிருந்து வந்தோர்க்கும் அதன் கதவு திறந்தது.

சோமாலியாவிலேயே தாழ்வாக நடத்தப்பட்ட பாண்டு மக்களும் பின்னர் லூயிஸ்டனுக்கு வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவரின் வழியினர் அவர்கள். ஜுபா ஆற்றங்கரையில் உழுது வாழ்ந்தவர்கள். 2005இல் அவர்களும் ஒரு சங்கம் கண்டனர். உழவர்க்கு இனிய உதவி உழுவதற்கு நிலமே அன்றோ? 2014 முதல் அச்சங்கம் நிலம் பெற்றுத் தம்மவர்க்குப் பண்ணை அமைத்துக் கொடுத்தது. பலர் ஒன்றுகூடிச் சோளம் விளைத்துப் பயனைப் பகிர்ந்துகொள்ளும் முறையை அவர்கள் தம் மொழியில் ‘இஸ்காஷிட்டோ’ என்பர். அவர்களுடைய பழைய வழக்கம் பனி நாட்டு மண்ணிலும் வேரூன்றியது.

பெரியோர் ஆண்டுக்கணக்கில் முயன்றதைச் சிறுவர் விளையாட்டாகவே செய்து காட்டினர். லூயிஸ்டன் உயர்நிலைப் பள்ளியின் கால்பந்துக் குழு 2015இல் மாநில வெற்றியை ஈட்டியது. அக்குழுவில் பெரும்பாலோர் அகதிக் குடும்பத்துப் பிள்ளைகள். அன்று நகரமே அவர்களைத் ‘தம் பிள்ளைகள்’ என்று கொண்டாடியது.

இவ்வரலாற்றில் வியத்தகு திருப்பம் ஒன்று உண்டு. பிற்காலத்தில் காங்கோ, ஜிபூட்டி முதலிய நாடுகளிலிருந்தும் மக்கள் லூயிஸ்டனுக்கு வந்தனர். அவர்களுள் பலர் அறிந்த மொழி பிரெஞ்சு. ஆலைத் தொழிலாளரின் வழிவந்த முதியோர், இளமையில் பள்ளியிலே பேசத் தடுக்கப்பட்ட தம் தாய்மொழியில் உரையாட ஆளின்றி இருந்தனர். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் அவர்களோடு அம்மொழியிலே பேசினர். அடைக்கலம் தேடி வந்தவரே முதியோரின் தனிமைக்குத் துணையாயினர்.

உதவி என்பது மேலிருந்து கீழே விழும் பொருளன்று. இன்று பெற்றவர் நாளை கொடுப்பவராகின்றார். நேற்று வந்தவரே இன்று இருப்பவர். அதனை மறவாதவர் இன்று வருபவர்க்கு வழிவிடுவர்.